யூதப் பிள்ளைக்குச் சமயக் கல்வி: 3 வயது முதல் 18 வரை, படிப்படியாக

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் யூதக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை பெரிதாக எதுவும் நடக்காது. அப்புறம் ஒருநாள் மாமனார் வீட்டில், 13 வயதில் பிள்ளை சமயக் கடமைகளை ஏற்கும் விழாவான பார் மிட்ஸ்வா பற்றிய பேச்சு எழும். எந்தப் பள்ளி, யார் சொல்லிக்கொடுப்பார்கள், எத்தனை மாதம் ஆகும் என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்காக. யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் மட்டும் உள்ளவர்களுக்கும் இது பயன்படும்.

தொடங்குமுன் ஒன்று. பெரும்பாலான பெற்றோர் 13 வயது விழாவையே இலக்காக வைத்துத் திட்டம் போடுகிறார்கள். பிள்ளையும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, விழா முடிந்த வாரமே புத்தகத்தை மூடிவிடுகிறது. மரபின் கணக்கு வேறு. வாய்மொழிச் சட்டங்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் பிர்கே அவோத் என்ற பகுதி வயதுவாரியாக ஒரு பட்டியல் தருகிறது: 5 வயதில் வேதம், 10-இல் மிஷ்னா, 13-இல் கட்டளைகள், 15-இல் தால்முத் (மிஷ்னாவின்மேல் அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் தொகுப்பு), 18-இல் கல்யாணம். 13 என்பது நடுவழியில் வரும் ஓர் ஊர். கீழே உள்ள படிகளை அந்தக் கணக்கை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

பள்ளி தேடுவதற்கு முன் இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ், ஓரளவு நெகிழும் கன்சர்வேட்டிவ் ஆகிய பிரிவுகளில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதப் பிள்ளை. தாய் தமிழ்ப் பெண், தந்தை யூதர் என்றால் அங்கே பிள்ளைக்கு மதமாற்றச் சடங்கு தேவைப்படும். மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் முழுக்காட்டுவது அதில் முக்கியமான பகுதி. ஆண் பிள்ளையானால் விருத்தசேதனமும் உண்டு. சிறு வயதில் மாற்றப்பட்ட பிள்ளை, வயது வந்ததும் "எனக்கு வேண்டாம்" என்று மறுக்கவும் மரபு இடம் தருகிறது. தாராளப் போக்குள்ள அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983-இல் வேறு வழிக்குப் போனது. பெற்றோரில் எவர் ஒருவர் யூதராக இருந்தாலும், பிள்ளையை யூத முறைப்படி வளர்த்தால் ஏற்றுக்கொள்வோம் என்று அதன் ரப்பிகள், அதாவது சமய ஆசிரியர்கள், தீர்மானித்தார்கள்.

இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். 12 வயதில், பாடமெல்லாம் படித்து முடித்த பிறகு, "உன்னை மேடைக்கு அழைக்க முடியாது" என்று பிள்ளையிடம் சொல்ல நேர்ந்தால் அது பெரிய கொடுமை.

படி 2: வீட்டில் ஆரம்பியுங்கள் (3 முதல் 6 வயது வரை)

தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளைத் தால்முத் வரிசைப்படுத்துகிறது. வேதம் கற்பிப்பது, தொழில் கற்பிப்பது இரண்டும் அதில் உண்டு. நீச்சல் கற்றுக்கொடுப்பதும் கடமையே என்று சிலர் சொன்னதாகவும் சேர்த்திருக்கிறது. பிள்ளை பேசத் தொடங்கியதும் முதலில் சொல்லித்தர வேண்டியது ஷெமா என்ற பிரார்த்தனையின் முதல் வரி: "இஸ்ரவேலே கேள், ஆண்டவரே நம் கடவுள், ஆண்டவர் ஒருவரே." இதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, படுக்கையறை போதும். இரவில் தூங்கும் முன் ஷெமா, காலையில் கண் விழித்ததும் உயிரைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லும் மோதே அனி. இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

வெள்ளி மாலைதான் உண்மையான வகுப்பு. மெழுகுவர்த்தி ஏற்றியபின் பெற்றோர் பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். மகனானால் "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்" என்றும், மகளானால் "சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போல" என்றும் சொல்வது வழக்கம். யூதரல்லாத துணைவர் அந்த நேரம் சமையலறையில் ஒதுங்கி நிற்காமல் மேசையிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. பிள்ளை அதைக் கவனிக்கும்.

அடுத்தது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்து. அந்த இரவில் மேசையில் இருப்பவர்களில் சிறிய பிள்ளைதான் "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் மாறுபட்டது?" என்ற கேள்விகளைப் பாடவேண்டும். 4, 5 வயதிலேயே இதைப் பயிற்றுவித்துவிடுங்கள். பெரியவர்கள் முழு எகிப்துக் கதையையும் பதிலாகத்தான் சொல்கிறார்கள். பிள்ளை கேட்காவிட்டால் கதை தொடங்காது. மத்ஸா ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்துவைத்துத் தேடவிடும் விளையாட்டும் பிள்ளைகளைத் தூங்காமல் வைத்திருக்கத்தான்.

பாட்டும் கதையும் இந்த வயதுக்குப் போதுமான பாடத்திட்டம். நமக்கு அருகில் கொச்சி யூதப் பெண்கள் வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடியிருக்கிறார்கள்.

படி 3: எழுத்து (5 முதல் 8 வயது வரை)

எபிரேயத்தில் 22 எழுத்துகள். அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். உயிரொலிகள் எழுத்துக்குக் கீழும் மேலும் புள்ளி, கோடுகளாக வரும். மரப்பலகையில் எழுதிய எழுத்தின்மேல் தேன் தடவி நக்கவிடும் பழைய வழக்கம் பல ஊர்களில் இன்றும் நடக்கிறது.

பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். பேத், காஃப் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஹே, ஹேத் இரண்டுக்கும் இடது காலில் ஓர் இடைவெளிதான் வித்தியாசம். தாலெத்தின் மூலை கூராக இருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். இந்தக் கடைசிக் குழப்பம் எவ்வளவு பழையது என்பதை, வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் சுருளிலேயே பார்க்கலாம். ஷெமாவின் முதல் வரி தாலெத்தில் முடிகிறது. அதை ரேஷ் என்று வாசித்தால் "ஒருவர்" என்பது "வேறொருவர்" ஆகிவிடும். அதனால் அந்த ஒரு தாலெத்தைப் படியெடுப்பவர்கள் பெரிதாக எழுதுகிறார்கள். பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். ஒரு மூலையின் வளைவுக்காக இத்தனை கவலைப்பட்டிருக்கிறார்களா என்று அதுவே கேட்கும்.

தினமும் பத்து நிமிடம் சத்தம் போட்டு வாசிக்க வைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம் உட்காரவைப்பது வீண். பொருள் புரியாமல் வாசிப்பதைப் பற்றி இந்தக் கட்டத்தில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆனால் வழிபாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஐம்பது சொற்களுக்காவது அர்த்தம் சொல்லிவைத்தால் பின்னால் நிறைய உழைப்பு மிச்சம்.

பழைய பள்ளிகளில் ஆதியாகமத்தை விட்டுவிட்டு லேவியராகமத்திலிருந்து தொடங்குவார்கள். பலிச் சட்டங்கள் நிறைந்த, பெரியவர்களுக்கே கடினமான புத்தகம் அது. தூய்மையானவர்கள் வந்து தூய்மை பற்றிப் படிக்கட்டும் என்று மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கநூல் காரணம் சொல்கிறது. காரணம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய பிள்ளைக்கு நான் ஆதியாகமத்தையே சிபாரிசு செய்வேன். அண்ணன் தம்பிச் சண்டைக்கு அதில் பஞ்சமே இல்லை.

படி 4: பள்ளி

மூன்று வழிகள் உண்டு. முழுநேர யூதப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் வேதமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். லண்டனில் 1732-இல் தொடங்கிய ஜே.எஃப்.எஸ். இவற்றில் பழையது. அமெரிக்காவில் இவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள், கட்டணம் கண்ணைக் கட்டும். இரண்டாவது, ஜெபக்கூடம் நடத்தும் துணைப் பள்ளி: ஞாயிறு காலை, கூடவே வாரநாளில் ஒரு மாலை. ரெபேக்கா கிராட்ஸ் 1838-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பித்த ஞாயிறு பள்ளிதான் அமெரிக்காவில் இதற்கு முன்னோடி. மூன்றாவது, தனி ஆசிரியர். இஸ்ரேலில் நிலைமையே வேறு. அங்கே அரசுப் பள்ளி, அரசு சமயப் பள்ளி, மிகக் கடுமையாக மரபு காக்கும் ஹரேதியரின் பள்ளி என்று தடங்கள் பிரிந்திருப்பதால் பெற்றோர் தடத்தைத் தேர்ந்தால் போதும்.

துணைப் பள்ளியைப் பார்க்கப் போனால் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். தால்முத்தின் கணக்குப்படி ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டாவது ஆசிரியர். ஊர்தோறும் ஆசிரியர் வைத்து 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தவர் யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு என்றும், அவர் இல்லாவிட்டால் இஸ்ரவேலில் வேதமே மறந்துபோயிருக்கும் என்றும் அதே பக்கம் சொல்கிறது. தந்தை இல்லாத பிள்ளைக்கு யார் கற்பிப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு அது.

பெண் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: பையன்கள் படிப்பதையெல்லாம் பெண்களும் படிக்கிறார்களா? தால்முத் உண்டா? பல நூற்றாண்டுகள் பெண்களின் சமயக் கல்வி வீட்டோடு நின்றது. கிராகோவ் நகரத்துத் தையல்காரப் பெண் சாரா ஷெனிரர் 1917-இல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளி, பெய்ஸ் யாக்கோவ் என்ற பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. பாஸ்டனில் ரப்பி ஜோசஃப் சொலொவேச்சிக் 1937-இல் நிறுவிய மைமோனிதிஸ் பள்ளி பெண்களுக்கும் தால்முத்தைத் திறந்துவிட்டது. இன்றும் பள்ளிக்குப் பள்ளி விடை மாறும்.

படி 5: தேதி குறிப்பது (10 வயது)

முதலில் எபிரேய நாட்காட்டிப்படி பிறந்தநாள் என்ன என்று பாருங்கள். ஹெப்கேல் இணையதளத்தில் ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் எபிரேயத் தேதி வந்துவிடும். அந்த வாரத் தோரா பகுதி எது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. சூரியன் மறைந்தபின் பிறந்த பிள்ளைக்கு மறுநாள்தான் பிறந்தநாள். சாதாரண ஆண்டின் ஆதார் மாதத்தில் பிறந்து, 13 ஆகும் வருடம் இரண்டு ஆதார் வரும் ஆண்டாக இருந்தால், இரண்டாம் ஆதாரையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு 13. பெண்களுக்கு மரபுப்படி 12. ரிஃபார்ம் கூடங்களில் பெரும்பாலும் இருபாலருக்கும் 13. அந்த நாள் வந்ததும் பிள்ளை தானாகவே கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடும். மேடை, வாசிப்பு, விருந்து எதுவும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். கற்றல் சிரமம் உள்ள பிள்ளையின் பெற்றோர் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விழாவை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் வைக்கலாம்.

சிறிதாக வைக்க நல்ல வழி, சனிக்கிழமைக்குப் பதில் திங்கள் அல்லது வியாழன் காலை. அன்றும் தோரா வாசிப்பு உண்டு, ஆனால் சுருக்கமானது: வாசிப்புக்கு மூன்று பேரைத்தான் அழைப்பார்கள். ஓய்வுநாளான ஷபாத் இல்லாததால் ஆர்த்தடாக்ஸ் குடும்பமும் படம் பிடிக்கலாம், தாத்தா பாட்டியை வீடியோவில் சேர்க்கலாம். எருசலேமின் மேற்குச் சுவரில் பார் மிட்ஸ்வாக்கள் அந்த இரண்டு நாட்களில் குவிவதற்கு இதுவே காரணம்.

தோரா ஆண்டுக்கு 54 பகுதிகளாக வாசிக்கப்படுகிறது. பிறந்த வாரத்தைப் பொறுத்து அதிர்ஷ்டம் மாறும். நாசோ என்ற பகுதியில் 176 வசனங்கள். வயேலெக்கில் வெறும் 30. முழுப் பகுதியையும் பையனே வாசிக்கும் ஆர்த்தடாக்ஸ் கூடமானால் இந்த வித்தியாசம் மாதக்கணக்கில் உழைப்பைக் கூட்டும். மற்ற கூடங்களில் மஃப்தீர் என்ற கடைசிச் சில வசனங்களும், அதோடு வரும் தீர்க்கதரிசிகளின் பகுதியான ஹஃப்தாராவும் போதும்.

படி 6: வாசிப்புப் பயிற்சி

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. ஓர் ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிரமம் என்னவென்றால், தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். உயிர்ப்புள்ளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, ராகக் குறியும் இல்லை. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு, பார்த்துப் பாட வேண்டும். பயிற்சிக்குத் திக்குன் என்ற புத்தகம் உண்டு: ஒரு பத்தியில் எல்லாக் குறிகளோடும், பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடி வெறுமையாகவும் அதே வசனங்கள் இருக்கும். பிள்ளை முதல் பத்தியைப் பாடிவிட்டு, அதை மூடிக்கொண்டு இரண்டாவதைப் பாடும்.

ராகக் குறிகளுக்குத் தஅமீம் என்று பெயர். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சிறிய இசைத்துணுக்கு. எத்னாஹ்தா வசனத்தை நடுவில் நிறுத்தும், சோஃப் பாசூக் முடிக்கும், மேர்ஹா, முனாஹ் போன்றவை அடுத்த சொல்லோடு இழுத்துக் கட்டும். வேதபாடசாலையில் ஸ்வரம் பிசகாமல் ஓதப் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு சட்டென்று பிடிபடும். ஒரே குறிகளுக்குத் தோராவில் ஒரு மெட்டு, ஹஃப்தாராவில் வேறு மெட்டு. போலந்து வழியினர், மொராக்கோவினர், யேமனியர் எல்லோருக்கும் தனித்தனி மெட்டுகள். தாத்தாவின் மெட்டு எது என்று கேட்டு, அதைத் தெரிந்த ஆசிரியரைத் தேடுங்கள். நடுவில் மாற்றினால் பிள்ளை திண்டாடிப்போகும்.

இங்கேதான் எல்லோரும் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். ஆசிரியர் பாடிய ஒலிப்பதிவை வாங்கி, கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துவிடுவது. மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு பகுதி மட்டுமே தெரியும். அடுத்த வாரம் வேறு மூன்று வசனம் கொடுத்தால் வாய் திறக்காது. குறிகளைப் படித்த பிள்ளையோ எந்த வாரத்தையும் வாசிக்கும். முதல் மூன்று, நான்கு மாதங்கள் குறிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள், பிறகு பகுதிக்குப் போங்கள். ஒலிப்பதிவைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

சலிப்பு தட்டும்போது ஷல்ஷெலெத்தைக் காட்டுங்கள். தோரா முழுவதிலும் நான்கே முறை வரும் குறி. நீண்டு, ஏறி இறங்கி, மூச்சு வாங்க வைக்கும். சோதோம் எரியப்போகும் காலையில் லோத்து தாமதித்தான் என்ற இடத்தில் ஒன்று. போத்திபாரின் மனைவி அழைத்தபோது யோசேப்பு மறுத்தான் என்ற இடத்தில் ஒன்று. தயங்குகிறவனின் தயக்கத்தை மெட்டே சொல்லிவிடுகிறது. 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போகும்; யோசேப்பு உடனே மறுத்தானா, கொஞ்சம் யோசித்தானா என்று சண்டை போடுவார்கள்.

கடைசி மாதம் உண்மையான சுருளின் முன் நிற்க வைத்துப் பழக்குங்கள். தோலைக் கையால் தொடக்கூடாது, யாத் என்ற குச்சியால் சுட்டிப் படிக்க வேண்டும். வாசிப்பவரின் பக்கத்தில் நிற்பவர்கள், பொருள் மாறும்படி தவறினால் சத்தமாகத் திருத்துவார்கள். திரும்ப வாசிக்க வேண்டும். பெரியவர்களையும் திருத்துவார்கள், இது அவமானமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத பிள்ளை மேடையில் உறைந்துவிடும்.

படி 7: உரை

பிள்ளை தன் பகுதியைப் பற்றிச் சில நிமிடம் பேச வேண்டும். பெற்றோர் எழுதிக்கொடுக்கும் உரை கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். செய்ய வேண்டியது எளிது: பகுதியை மொழிபெயர்ப்பில் இரண்டு முறை வாசித்து, உறுத்துகிற ஒரு கேள்வியைப் பிள்ளையே எடுக்கட்டும். அதற்கு 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி என்ன சொல்கிறார், வேறொருவர் என்ன சொல்கிறார் என்று செஃபாரியா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு பிள்ளை தன் கருத்தைச் சொல்லட்டும், ராஷியை மறுத்தாலும் சரி.

ஹசீதியர் என்ற பக்தி மரபினரின் சில சமூகங்களில் பையன் உரையைத் தொடங்கியதும் விருந்தினர்கள் உரக்கப் பாடி இடைமறித்துவிடுவார்கள். நன்றாகப் பேசவராத பையன் தலைகுனியக் கூடாது என்பதற்காக எல்லோருடைய உரையையும் இப்படிப் பாதியில் நிறுத்துகிறார்களாம்.

படி 8: கட்டளைகளுக்குப் பழக்குவது

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பை 13 வயதில் திடீரென்று 25 மணிநேரம் இருக்கச் சொல்லக்கூடாது. 9, 10 வயதிலிருந்தே காலைச் சாப்பாட்டை ஓரிரு மணிநேரம் தள்ளிப் பழக்கச் சொல்கிறது மரபு. தெஃபிலின் என்ற தோல் பெட்டிகளை வலுக்குறைந்த கையிலும் நெற்றிக்கு மேலும் கட்டுவதை ஒரு மாதம் முன்பே பழக்குவார்கள். இடதுகைப் பழக்கமுள்ளவர் வலது கையில் கட்ட வேண்டும். உள்ளே இருப்பது கையால் எழுதிய தோல் ஏடு, அதனால் விலை சில நூறு டாலரைத் தாண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் வாங்காமல், நம்பகமான எழுத்தரிடம் காட்டி வாங்குங்கள்.

படி 9: அந்த நாள்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாசிப்பு முடிந்ததும் பிள்ளைமேல் மிட்டாய் எறிவார்கள்; மென்மையான மிட்டாயாகப் பார்த்து வாங்குங்கள். "இவன் செயலுக்கான பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவருக்கு நன்றி" என்ற பொருளில் தந்தை ஒரு வாசகம் சொல்வார், கூட்டம் சிரிக்கும். பெண் பிள்ளைக்கு இந்த மேடை பழைய வழக்கமில்லை. அமெரிக்காவில் 1922 மார்ச் 18 அன்று நியூயார்க்கில், ரப்பி மோர்தெகாய் காப்லானின் மகள் ஜூடித் பொதுவில் வாசித்ததை முதல் பாத் மிட்ஸ்வா என்பார்கள். அவரும் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான். விருந்துச் செலவு உங்கள் சொந்த விஷயம். ஆனால் அதில் ஒரு பங்கையாவது அடுத்த ஐந்து வருடப் படிப்புக்கு எடுத்துவையுங்கள்.

படி 10: 13-க்குப் பிறகு

விழா முடிந்ததும் விட்டுவிடும் பிள்ளைக்கு, உண்மையில் சுவையான பகுதி தொடங்கும்போதே வகுப்பு முடிந்துவிடுகிறது. தால்முத் பதின்வயதினருக்கென்றே செய்தது போன்றது: வாதம், எதிர்வாதம், எவ்வளவு பெரிய அறிஞரையும் "அது எப்படி?" என்று மடக்கலாம். பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுப்பிய தோசஃபோத் கேள்விகள்.

தொடக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் தால்முத்தில் பாவா மெத்ஸியா என்ற நூலின் இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுப்பார்கள். விஷயம் சாதாரணமானது: தெருவில் கிடந்ததை எடுத்தால் யாருக்குச் சொந்தம்? சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவருக்கு. பையில் இருக்கும் காசை அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாணயம் அடுக்கியிருந்தாலும் அறிவிக்க வேண்டும், யாரோ வைத்தது போல இருப்பதால். பிறகு அபயே, ராவா என்ற இரு தால்முத் அறிஞர்கள் மோதுகிறார்கள்: தொலைந்தது உரியவருக்கு இன்னும் தெரியவே தெரியாது, தெரிந்திருந்தால் கைவிட்டிருப்பார். அப்படியானால் இப்போதே கைவிட்டதாகக் கொள்ளலாமா? ராவா ஆம் என்கிறார், அபயே இல்லை என்கிறார். இவர்கள் மோதும் இடங்களில் தீர்ப்பு பெரும்பாலும் ராவாவின் பக்கம் போகும். அபயே வெல்லும் ஆறு விதிவிலக்குகளில் இது ஒன்று.

இதைத் தனியாகப் படிக்க வைக்காதீர்கள். ஹவ்ரூதா என்ற இருவர் முறையில், எதிரெதிரே உட்கார்ந்து, உரக்க வாசித்துச் சண்டையிட வேண்டும். வீட்டுக்கு ஒரு நண்பனை வரவழைத்து வாரம் ஒரு மணிநேரம் என்று வைத்தாலே போதும். யூதரல்லாத பெற்றோரும் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஜோடியாக உட்காரலாம். கீழே கிடந்த பணத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

ரிஃபார்ம் கூடங்களில் 15, 16 வயதில், தோரா கிடைத்ததைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையையொட்டிக் கன்ஃபர்மேஷன் என்ற நிறைவு விழா உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவானது இது. பிள்ளை இன்னும் இரண்டு வருடம் வகுப்பில் இருக்க அது ஒரு காரணமாவது தருகிறது.

வகுப்பே பிடிக்காத பிள்ளையைக் கோடை முகாமுக்கு அனுப்பிப் பாருங்கள். 1947-இல் விஸ்கான்சினில் தொடங்கிய ராமா முகாம்கள் கன்சர்வேட்டிவ் பிரிவுக்கு; மற்ற பிரிவுகளுக்கும் தத்தம் முகாம்களும் இளைஞர் இயக்கங்களும் உண்டு. வகுப்பில் பல வருடம் ஒட்டாத பிரார்த்தனை, ஏரிக்கரையில் ஐம்பது பேரோடு பாடும்போது ஒட்டிக்கொள்வது சகஜம்.

18 வயதில் ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகள் பலர் கல்லூரிக்கு முன் ஓராண்டு இஸ்ரேலில் யெஷிவா என்ற தால்முத் பள்ளியிலோ, பெண்களானால் செமினரியிலோ படிக்கப் போகிறார்கள். விண்ணப்பம் பள்ளி இறுதியாண்டின் முதல் பாதியிலேயே போய்விடும். அதற்குள் சேர விரும்பும் கல்லூரி ஓராண்டு தள்ளிச் சேர அனுமதிக்குமா, அங்கே படித்ததற்கு மதிப்பெண் தருமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.